வர்ஜீனியா போலீஸும் ஆமெனுக்கு முந்தைய ஒரு வரியும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலக் காவல்துறையில் 2008-ஆம் ஆண்டு 17 சாப்ளேன்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர்களில் ஆறு பேர் பொறுப்பை விட்டு விலகினார்கள். யாரும் அவர்களை நீக்கவில்லை. ஜெபத்தை எந்த வார்த்தைகளில் முடிப்பது என்பதுதான் பிரச்சினை. "இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே, ஆமென்" என்று நம் ஊர் சபைகளில் சின்னப் பிள்ளைகூடத் தூக்கத்தில் சொல்லும். அந்த ஒரு வரி, துறை நடத்தும் பொது விழாக்களில் வேண்டாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரியிலோ கிறிஸ்தவக் கல்லூரியிலோ பழகியவர்களுக்கு சாப்ளேன் என்ற சொல் புதிதல்ல. ஒரு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டு அங்குள்ளவர்களின் ஆன்மிகத் தேவையைக் கவனிக்கிறவர். வர்ஜீனியா போலீஸில் இதற்கென்று தனியாகச் சம்பளம் வாங்கும் போதகர்கள் இல்லை. நெடுஞ்சாலை ரோந்து போகிற, வழக்குப் பதிகிற சாதாரணப் போலீஸ்காரர்களே கூடுதல் வேலையாக இதைத் தாமாக ஏற்றிருந்தார்கள். விலகிய ஆறு பேரும் விட்டது சாப்ளேன் பொறுப்பை மட்டும்தான். போலீஸ் வேலையை அல்ல.

உத்தரவிட்டவர் துறைத் தலைவர் கர்னல் ஸ்டீவன் ஃப்ளாஹர்ட்டி. பயிற்சி முடித்தவர்களுக்கான நிறைவு விழா, பணியில் உயிர் நீத்தவர்களுக்கான நினைவு நிகழ்ச்சி போன்ற துறைசார் பொது நிகழ்ச்சிகளில் எந்த ஒரு மதப் பிரிவையும் சாராத ஜெபம் மட்டுமே ஏறெடுக்க வேண்டும் என்றார். தனிப்பட்ட இறுதிச் சடங்குகளையும் குடும்ப நிகழ்ச்சிகளையும் இது தொடவில்லை. ஆனால் செய்தி பரவியபோது இந்தப் பிற்பாதி காணாமல் போய், "போலீஸில் இயேசுவுக்குத் தடை" என்ற முற்பாதிதான் ஊரெங்கும் ஓடியது. தடை என்ற சொல் முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. அதனால்தான் இந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃப்ரெடெரிக்ஸ்பர்க் நகரசபை

ஃப்ளாஹர்ட்டி இதைத் தன்னிஷ்டத்துக்குச் செய்யவில்லை. அந்த ஜூலையில் வந்த ஒரு தீர்ப்பைக் காரணம் காட்டினார். அதன் கதை அதே மாநிலத்தின் ஃப்ரெடெரிக்ஸ்பர்க் என்ற சிறு நகரத்தில் தொடங்குகிறது.

ஹாஷ்மெல் டர்னர் அங்கே ஒரு பாப்டிஸ்ட் சபையின் போதகர். 2002-இல் நகரசபை உறுப்பினர் ஆனார். கூட்டம் தொடங்கும்போது உறுப்பினர்கள் முறை வைத்து ஜெபம் சொல்வது அங்கே வழக்கம். டர்னர் முறை வரும்போது இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் முடிப்பார். 2003-இல் குடிமக்களின் சுதந்திரங்களுக்கான ஏசிஎல்யூ அமைப்பு வழக்குப் போடுவோம் என்று எழுதியது. டர்னர் கொஞ்ச காலம் முறையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 2005-இல் மீண்டும் பெயர் கொடுத்தார், மீண்டும் கடிதம் வந்தது. அந்த நவம்பரில் நகரசபை ஒரு விதி போட்டது: இனி ஜெபம் எந்தப் பிரிவையும் சாராததாக இருக்க வேண்டும். 2006 ஜனவரியில் டர்னர் தன் சொந்த நகரசபைமீதே வழக்குத் தொடுத்தார்.

மேல்முறையீடு மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலுள்ள நான்காவது சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போனது. வர்ஜீனியா, தென் கரோலினா உள்ளிட்ட சில மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அது. தீர்ப்பை எழுதியவர் சாண்ட்ரா டே ஓ'கானர். உச்ச நீதிமன்றத்திலிருந்து 2006-இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் கீழ் நீதிமன்ற அமர்வுகளில் உட்கார அங்கே வழி உண்டு. மூவர் அமர்வும் ஒருமனதாக நகரசபை பக்கம் நின்றது. நகரசபையின் அலுவல் நிரலில் இடம்பெறும் ஜெபம் அரசின் பேச்சு, டர்னரின் சொந்தப் பேச்சல்ல. அரசு தன் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம். டர்னரை யாரும் மனசாட்சிக்கு விரோதமாக ஜெபிக்கச் சொல்லவில்லை. அரசின் சார்பில் ஜெபிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள், அவர் அந்த நிபந்தனையை ஏற்கவில்லை, தன் சார்பில் எங்கும் எப்படியும் ஜெபிக்க அவருக்குத் தடையில்லை. தீர்ப்பின் சாரம் இவ்வளவுதான். 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்க மறுத்தது.

பலரும் கவனிக்காமல் தாண்டிப்போன ஓர் இடம் அந்தத் தீர்ப்பில் உண்டு. நகரசபை இப்படியொரு விதி போட்டது சட்டப்படி செல்லும் என்றுதான் ஓ'கானர் சொன்னார். அரசியல் சாசனப்படி இப்படி விதி போட்டே ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லத் தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டார். "போடலாம்" என்ற சொல் ரிச்மண்ட் பக்கத்திலேயே இருக்கும் போலீஸ் தலைமையகத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் "போட வேண்டும்" என்று ஆகிவிட்டது. நகரசபைக்காக எழுதிய தீர்ப்பு, நகரசபையே அல்லாத ஒரு துறைக்கு உத்தரவாக இறங்கியது.

இதற்காக ஃப்ளாஹர்ட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. தென் கரோலினாவின் கிரேட் ஃபால்ஸ் ஊர்சபை ஒவ்வொரு கூட்டத்தையும் இயேசுவின் பெயரால் தொடங்கியது. இயற்கை வழிபாட்டைச் சார்ந்த விக்கா என்ற புதிய சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண் வழக்குப் போட, 2004-இல் இதே நான்காவது சர்க்யூட் அந்த வழக்கத்தைச் செல்லாது என்றது. அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் ஒரு துறையை நடத்துகிறவருக்கு வழக்கறிஞர்கள் என்ன ஆலோசனை சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

பார்க்காமல் விட்ட தீர்ப்பு

எனக்கு இந்த விவகாரத்தில் வியப்பாக இருப்பது, கையெட்டும் தூரத்தில் இருந்த இன்னொரு தீர்ப்பை இரு தரப்பும் கையிலேயே எடுக்காதது. அதுவும் வர்ஜீனியா. அதுவும் நான்காவது சர்க்யூட். ஆண்டு 2003.

லெக்சிங்டனில் வர்ஜீனியா மிலிட்டரி இன்ஸ்டிட்யூட் என்று மாநில அரசு நடத்தும் ராணுவப் பாணிக் கல்லூரி இருக்கிறது. இரவு உணவுக்கு முன் கேடட்கள் எழுந்து மௌனமாக நிற்பார்கள். கேடட்களில் சாப்ளேனாக இருப்பவர் ஜெபம் வாசிப்பார். அந்த ஜெபங்களில் இயேசு இல்லை. "சர்வ வல்லமையுள்ள தேவனே", "பரலோகப் பிதாவே" என்று தொடங்கி, சாப்பாட்டுக்கும் கல்லூரிக்கும் நன்றி சொல்லி முடியும். யாரும் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டாம், தலைகுனிய வேண்டாம், கண் மூட வேண்டாம். நின்றால் போதும்.

இரண்டு கேடட்கள் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஜெபத்தையே நிறுத்தியது. அதிகாரம், அணிவகுப்பு, கீழ்ப்படிதல் என்றே மூச்சு விடுகிற ஓர் இடத்தில் சேர்ந்து நில் என்பதே கட்டாயம்தான் என்றது.

போலீஸ் பயிற்சி நிறைவு விழா எதற்கு நெருக்கம்? மாலையில் வந்து ஐந்து நிமிடம் தாமதமாக உள்ளே நுழைந்தாலும் யாரும் கேட்காத நகரசபைக் கூட்டத்துக்கா, சீருடையில் வரிசையாக நிற்கிற கேடட்களின் உணவுக் கூடத்துக்கா? அந்த மேடைக்கு எதிரே நிற்கிற புதுப் போலீஸ்காரர் ஒரு யூதராகவோ, இந்துவாகவோ, மதமே இல்லாதவராகவோ இருந்தால் எழுந்து வெளியே போக முடியுமா? வேலையின் முதல் நாள், தலைவர் மேடையில் இருக்கிறார். சாப்ளேன் இயேசு பெயரைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் அங்கேயேதான் நிற்கப் போகிறார்.

ஆக, ஒரு பெயரை நீக்கினால் பிரச்சினை தீரும் என்று ஃப்ளாஹர்ட்டி நம்பியது, லெக்சிங்டன் தீர்ப்பின்படி பார்த்தால் தவறான மருந்து. நோய் இருந்தது உண்மை. அதை அவர் சரியாகவே உணர்ந்தார். ஆனால் மேடையில் இருப்பவரின் வார்த்தையைத் திருத்தினார், எதிரே நிற்பவரின் நிலைமையை அப்படியே விட்டுவிட்டார்.

அரசு எழுதித் தரும் ஜெபம்

அந்த மருந்துக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. எது "பிரிவு சாராதது" என்று யார் சொல்வது? "பரலோகப் பிதாவே" என்பது கிறிஸ்தவர் காதுக்குப் பொதுச்சொல். முஸ்லிம் ஒருவர் இறைவனைத் தந்தை என்று அழைப்பதில்லை. பௌத்தருக்கு அழைக்கப்படும் கடவுளே பொருந்தாது. எல்லோருக்கும் பொதுவாக ஜெபத்தைச் சீவிச் சீவி வந்தால் கடைசியில் மிஞ்சுவது யாருடைய வீட்டிலும் யாரும் சொல்லாத ஒரு ஜெபம்.

1992-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த லீ எதிர் வைஸ்மன் வழக்கு இதைத்தான் தொட்டது. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸில் ஒரு நடுநிலைப் பள்ளி. பட்டமளிப்பு விழாவில் ஜெபிக்க ஒரு யூத ரபியை அழைத்தார்கள். பொது நிகழ்ச்சியில் எப்படி ஜெபிக்கலாம் என்ற வழிகாட்டிச் சிறுநூலையும் தலைமையாசிரியர் அவர் கையில் கொடுத்து, பிரிவு சாராமல் இருக்கட்டும் என்றார். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். நீதிபதி ஆண்டனி கென்னடி எழுதிய தீர்ப்பு, அந்த நல்லெண்ணத்தையே சிக்கலாகப் பார்த்தது: அரசு அதிகாரி ஒருவர் ஜெபத்தின் உள்ளடக்கத்துக்கு வழிகாட்டுவது, அரசு ஜெபம் இயற்றுவதற்குச் சமம். பிள்ளைகள் எழுந்து வெளியே போக முடியாத விழா என்பதையும் சேர்த்து, ஜெபமே செல்லாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் முடிந்தது.

22 ஆண்டுகள் கழித்து அதே கென்னடி, நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊரின் வழக்கில் மறுபக்கம் எழுதினார். 1999 முதல் அந்த ஊர்சபை மாதக் கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கியது. 2007 வரை வந்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவப் போதகர்கள். சூசன் கேலவே என்ற யூதரும் லிண்டா ஸ்டீஃபன்ஸ் என்ற கடவுள் நம்பிக்கையற்றவரும் முறையிட்ட பிறகு, ஒரு யூதர், ஒரு பஹாய், ஒரு விக்கா பூசாரிணி என்று சிலருக்கு இடம் கிடைத்தது. 2014 மே மாதம் 5-க்கு 4 என்று ஊர்சபை வென்றது. ஜெபம் பொதுவானதாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், அரசே ஒரு குடிமை மதத்தைத் திணிப்பதாகிவிடும் என்றார் கென்னடி.

இரண்டு தீர்ப்புகளும் ஒன்றையொன்று மோதுவதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெபத்துக்குள் கை வைக்காதே என்று இரண்டிலும் சொல்கிறார். வேறுபடுவது எதிரே இருப்பவர்: பள்ளியில் வெளியேற முடியாத பிள்ளை, ஊர்சபையில் வரப்போகச் சுதந்திரமுள்ள வளர்ந்த ஆள். கிரீஸ் தீர்ப்பிலேயே, சபை உறுப்பினர்கள் மக்களை ஜெபத்தில் சேரச் சொன்னாலோ, சேராதவரை அடையாளம் காட்டினாலோ நிலைமை வேறு என்று குறித்திருக்கிறார். போலீஸ் மைதானம் இந்த இரண்டில் எதற்குப் பக்கம் என்று மீண்டும் கேட்டால் விடை லெக்சிங்டன் பக்கமே போகிறது.

அந்த நாமத்தின் எடை

மதச்சார்பற்ற நண்பர்கள் இந்த விவகாரத்தைப் பேசும்போது ஒன்று தவறாமல் வரும்: ஒரே ஒரு வரிதானே, விட்டால் என்ன? விலகிய ஆறு பேரின் பக்கம் புரிய வேண்டுமானால் இங்கே கொஞ்சம் நின்றுதான் ஆக வேண்டும்.

யோவான் 14-ஆம் அதிகாரத்தில், பிடிபட்ட அதே இரவில், அதற்குச் சற்று முன், இயேசு சீடர்களிடம் சொல்கிறார்: "நீங்கள் என் நாமத்தினாலே எதைக் கேட்பீர்களோ... அதைச் செய்வேன்." சுவிசேஷ மரபில் வளர்ந்தவருக்கு இது கடிதத்தின் கீழே போடும் சம்பிரதாய வணக்கம் அல்ல. அந்தப் பெயரில்தான் கேட்கும் உரிமையே வருகிறது. அது இல்லாத ஜெபம் முகவரி எழுதாத தபால். கத்தோலிக்கர்களும் "எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக" என்று முடிப்பது இதே அடிப்படையில்தான். அப்போஸ்தலர் நடபடிகளில் அதிகாரிகள் பேதுருவையும் யோவானையும் கூப்பிட்டு "இந்த நாமத்தைக் குறித்துப் பேசக்கூடாது" என்று மிரட்டுகிற காட்சி உண்டு. ஞாயிறுதோறும் இதைக் கேட்டு வளர்ந்த ஒரு போலீஸ்காரருக்கு, மேலதிகாரியின் சுற்றறிக்கை எந்தக் காட்சியை நினைவுபடுத்தியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் அதே வேதாகமத்தில் சீடர்கள் "ஜெபிக்கக் கற்றுத் தாரும்" என்று கேட்டபோது இயேசு கற்றுக் கொடுத்த பரமண்டல ஜெபம் இருக்கிறது. அதில் "இயேசுவின் நாமத்தில்" என்ற வரி இல்லை. எந்தச் சபையும் அதைக் குறைப்பட்ட ஜெபம் என்று சொல்வதில்லை. இதனால் அந்த வரியை விட்டுவிடலாம் என்று சொல்லும் போதகர்களும் இருக்கிறார்கள். நெப்ராஸ்கா சட்டமன்றத்தின் சாப்ளேன் ராபர்ட் பாமர் அப்படித்தான் செய்தார். பிரெஸ்பிடேரியன் போதகர், 1965 முதல் அந்தப் பணி, மாதம் 319 டாலர் 75 சென்ட் சம்பளம். 1980-இல் ஒரு யூத உறுப்பினர் முறையிட்டதும், கிறிஸ்துவைப் பற்றிய குறிப்புகளைத் தாமாகவே எடுத்துவிட்டார். உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை. சட்டமன்ற ஜெபம் செல்லும் என்று 1983-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன மார்ஷ் வழக்கு அவருடைய ஜெபத்தைப் பற்றியதே.

பாமர் விட்டது மரியாதை. ஃப்ளாஹர்ட்டி விடச் சொன்னது உத்தரவு. ஒரே வரி, ஒரே மௌனம். ஆனால் முன்னதை ஒரு போதகரின் பெருந்தன்மை என்கிறோம், பின்னதை விசுவாசத்தில் கை வைப்பு என்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று வாதிடுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். இயேசு நாமத்தில் ஜெபித்ததற்காக கார்டன் கிளிங்கன்ஷ்மிட் என்ற கடற்படைச் சாப்ளேனுக்கு ராணுவ நீதிமன்றம் தண்டனை கொடுத்தது என்று வாட்ஸ்அப்பில்கூட வந்துகொண்டிருக்கிறது. 2006-இல் அவர்மீது நிரூபணமான குற்றம், சீருடையில் ஊடக நிகழ்ச்சிக்குப் போகாதே என்ற உத்தரவை மீறி, வெள்ளை மாளிகைக்கு எதிரே சீருடையில் தோன்றியது. அதே ஆண்டு கடற்படையின் புதிய விதி, ஆராதனை அல்லாத அலுவல் நிகழ்ச்சிகளில் ஜெபம் பொதுவாக இருக்க வேண்டும் என்றது உண்மை. அந்த விதியைத் திரும்பப் பெற நாடாளுமன்றம் வழி செய்ததும் உண்மை. ஆனால் தண்டனை ஜெபத்துக்கு அல்ல.

ரிச்மண்டில் அரசியல்

வர்ஜீனியாவில் இந்தப் பிரச்சினையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் சார்லஸ் காரிகோ. அவரே முன்னாள் மாநிலப் போலீஸ்காரர் என்பதால் அவர் பேச்சுக்குக் கனம் இருந்தது. 2009-இல் உத்தரவை ரத்து செய்ய ஒரு மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அப்போதைய ஆளுநர் டிம் கெய்ன் ஜனநாயகக் கட்சிக்காரர், அதேசமயம் இளமையில் ஹோண்டுராஸில் இயேசு சபைத் துறவிகளோடு ஊழியம் செய்த கத்தோலிக்கர். அவர் ஃப்ளாஹர்ட்டி பக்கம் நின்றார். மத எதிரிகள் ஒரு பக்கம், பக்திமான்கள் மறுபக்கம் என்று இந்தச் சண்டையை வரைந்தவர்களுக்குக் கெய்ன் அந்தப் படத்தில் பொருந்தவே இல்லை.

2010 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் பாப் மெக்டானல் ஆளுநரானார். ஏப்ரலில் உத்தரவு விலக்கப்பட்டது. எந்த மதத்துச் சாப்ளேனும் எப்படி ஜெபிக்க வேண்டும் என்று மாநிலம் சொல்லக்கூடாது என்பதே அவர் தரப்பின் விளக்கம். ஏசிஎல்யூ எதிர்த்தது. அந்த விளக்கத்தில் மெக்டானல் சரி என்றே நினைக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்துக் கென்னடியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார். ஆனால் மெக்டானலும் ஃப்ளாஹர்ட்டியைப் போலவே மேடையை மட்டும் பார்த்தார். ஒருவர் வார்த்தையை வெட்டினார், இன்னொருவர் வெட்டிய வார்த்தையைத் திருப்பிக் கொடுத்தார். வரிசையில் நிற்கும் புதுப் போலீஸ்காரரை இருவரும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டால், பயிற்சி நிறைவு விழாவின் அலுவல் நிரலில் ஜெபமே வேண்டாம். ஒரு நிமிட மௌனம் இருக்கட்டும். அதில் யார் நாமத்தை நினைப்பது என்பது அவரவர் பாடு. விழாவுக்கு முன்போ பின்போ, விரும்புகிறவர்கள் கூடும் ஒரு அறையில் சாப்ளேன் இயேசுவின் நாமத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும், அங்கே யாரும் ஒரு எழுத்தையும் திருத்தக்கூடாது. இதைச் சொன்னால் இரு தரப்பும் என்னோடு சண்டைக்கு வரும். பொதுமேடையில் ஜெபமே இல்லாமல் போவது மரபுக்கு விரோதம் என்று ஒரு தரப்பு சொல்லும். முதலாவது கான்டினென்டல் காங்கிரஸில் 1774-இல் ஜேக்கப் டூஷே கிறிஸ்துவின் பெயரால்தான் ஜெபித்தார் என்று எடுத்துக்காட்டும். அரசுச் சம்பளம் வாங்கும் ஆள் சீருடையில் எந்த அறையில் ஜெபித்தாலும் அரசின் ஜெபமே என்று மறுதரப்பு சொல்லும்.

இந்த இரண்டு ஆண்டுச் சண்டையில் நஷ்டம் எங்கே விழுந்தது என்பதுதான் எனக்குக் கடைசிவரை உறுத்துகிறது. சாப்ளேனின் வேலையில் மேடை ஒரு சிறு பங்கு. மற்றதெல்லாம் கூட்டமில்லாத இடங்களில் நடப்பது: விபத்தில் செத்த குழந்தையைத் தூக்கிய போலீஸ்காரரோடு வண்டியில் உட்கார்ந்திருப்பது, இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்டிச் சாவுச் செய்தி சொல்வது, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பது. ஆறு பேர் விலகியதும் 17 பேர் செய்த அந்த வேலை 11 பேர் தலையில் விழுந்தது. அங்கே எந்த நாமத்தில் ஜெபிக்க வேண்டும் என்பதை எதிரே இருக்கும் விதவையோ, தகப்பனோதான் சொல்வார்கள். ஃப்ளாஹர்ட்டியின் உத்தரவு அந்த வராந்தாவுக்கு வரவே இல்லை. மெக்டானல் அதை நீக்கியபோதும் அங்கே எதுவும் மாறவில்லை.